ஹெட் இறுக்கும் நேரம்

பதுளையில் ஒரு கராஜில் இருபத்திரண்டு வருடமாக இஞ்சின் வேலை பார்க்கிறேன். பிரேக், கிளட்ச், கியர் எல்லாம் மற்றவர்கள் பார்ப்பார்கள். இஞ்சினைத் திறப்பதும் மூடுவதும் என் பொறுப்பு. திறப்பதற்கு இரண்டு கையும் ஒரு ஸ்பேனரும் இருந்தால் எவனாலும் முடியும். மூடுவதற்குத்தான் ஆள் வேண்டும்.

இஞ்சினின் மேல்பகுதியை ஹெட் என்போம், கீழ்ப்பகுதியை பிளாக் என்போம். இரண்டுக்கும் நடுவில் கேஸ்கட் என்று ஒரு மெல்லிய தகடு. உள்ளே இருக்கிற நெருப்பும் தண்ணீரும் எண்ணெயும் ஒன்றோடொன்று கலக்காமல் பார்த்துக்கொள்வது அந்தத் தகடுதான். பசறையைத் தாண்டி நமுனுகுலப் பக்கம் ஆட்களை அடைத்துக்கொண்டு ஏறுகிற வேன்களுக்கு முதலில் போவதும் அதுதான். ஏற்றத்தில் இஞ்சின் கொதிக்கும், டிரைவர் பார்க்காத மாதிரி இன்னும் இரண்டு வளைவு ஏற்றுவான், அதற்குப் பிறகு என்னிடம் வருவான்.

டீசல் வேன் ஒன்றின் ஹெட்டுக்குப் பதினெட்டு போல்ட். போல்ட் இறங்கும் குழிகளைக் காற்றடித்துக் காயவைக்க வேண்டும். குழிக்குள் சொட்டுத் தண்ணீர் நின்றாலும் போல்ட் இறுகிவிட்டதுபோல் ஏமாற்றும், சில நேரம் பிளாக்கே வெடித்துவிடும். இறுக்குவதை நடுவில் ஆரம்பித்து, மாறி மாறி இரண்டு பக்கமும் வெளியே போக வேண்டும். அதுவும் ஒரே மூச்சில் இல்லை, மூன்று சுற்று. முதல் சுற்றில் மூன்றில் ஒரு பங்கு, அடுத்ததில் இரண்டு பங்கு, கடைசியில் முழு அளவு. ஒவ்வொரு சுற்றுக்கும் நடுவில் கேஸ்கட் அமர்வதற்குப் பத்து நிமிடம் விடுவேன். அளவு வைத்து இறுக்குகிற டோர்க் ரென்ச் என்னிடம் இருக்கிறது. வைத்த அளவு வந்ததும் உள்ளே டக்கென்று ஒரு சத்தம் வரும். ஐம்பத்துநான்கு தடவை அந்தச் சத்தத்தைக் கேட்டால் வேலை முடிந்தது.

அந்த நேரத்தில் என்னிடம் யாரும் பேசக்கூடாது. இது நான் வைத்த சட்டம். ஒருமுறை ஒரு லொறியின் ஹெட்டை இறுக்கிக்கொண்டிருந்தபோது, வண்டிச் சாமான் கடை ஆள் ஒருவர் பக்கத்தில் வந்து நின்று ஏதோ பெயாரிங்கின் இலக்கத்தைக் கேட்டார். நானும் தலையைத் தூக்கிப் பதில் சொன்னேன். கடைசிச் சுற்றில் ஒரு போல்ட் விட்டுப்போனது. பதினோராம் நாள் அந்த லொறியைக் கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். எண்ணெய் தண்ணீர் கலந்து பால் தேத்தண்ணி நிறத்தில் இருந்தது. அன்றிலிருந்து யாரையும் வாய் திறக்க விட்டதில்லை. போனைக்கூட முதலாளியின் மேசை லாச்சியை இழுத்து உள்ளே போட்டுவிட்டுத்தான் ரென்ச்சைத் தொடுவேன்.

எனக்கு வாய் நீளம். மறைக்க ஒன்றுமில்லை, பதுளை முழுக்கத் தெரியும். கையை ஓங்கியதில்லை, ஆனால் நான் கத்தினால் எதிரில் இருக்கிற பேக்கரியில் ரேடியோவைக் குறைப்பார்கள். 'ஹெட் இறுக்குறாரு' என்று யாராவது ஒருவர் சொன்னால் போதும், கராஜே அடங்கிவிடும். வீட்டில் என் மனைவிகூட, நான் சாப்பிடும்போது முகத்தைத் தூக்கிவைத்திருந்தால், "இப்ப பேசலாமா, இல்ல ஹெட் இறுக்குறீங்களா?" என்று கேட்பாள். பிள்ளைகள் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன். எனக்கு அது பெருமையாகத்தான் இருந்தது.

என் அம்மாவும் ஒருமுறை மாட்டிக்கொண்டாள். நமுனுகுலப் பக்கத் தேயிலைத் தோட்டத்தில் நாற்பது வருடம் கொழுந்து எடுத்தவள். தங்கச்சியோடு தோட்டத்து லயத்து வீட்டிலேயே இருந்தாள். ஒருநாள் கிளினிக்குக்கு வந்தவள், எனக்குத் தேங்காய் ரொட்டி சுட்டு எடுத்துக்கொண்டு நேராகக் கராஜுக்குள் வந்து, "சாப்புட்டியா?" என்று கேட்டாள். இரண்டாவது சுற்றில் இருந்தேன். திரும்பாமலே, "வேல செய்றது கண்ணு தெரியலையா ஒனக்கு?" என்று கத்தினேன். முடித்துவிட்டுத் திரும்பிப் பார்த்தபோது அவளுடைய ஒரு கண்ணில் பஞ்சு வைத்து ஒட்டியிருந்தது. கண் கிளினிக்குக்கு வந்திருக்கிறாள். "ஆமாப்பா, ஒரு கண்ணுதான் தெரியுது" என்று சொல்லிச் சிரித்தாள். அதற்குப் பிறகு அவள் கராஜுக்கு வந்ததில்லை.

போன வருட மழைக்காலத்தில் அவளுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. தங்கச்சி பதுளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிவந்து சேர்த்தாள். இரண்டாம் நாள் மாலை போய்ப் பார்த்தேன். பிஸ்கட்டைத் தேத்தண்ணீரில் தொட்டுத் தின்றுகொண்டிருந்தாள். இரண்டு நாளில் வீட்டுக்கு அனுப்பலாம் என்று டாக்டர் சொன்னதாகத் தங்கச்சி சொன்னாள். நாளைப் பகல் வருகிறேன் என்றேன். அம்மா தலையாட்டினாள். ஆஸ்பத்திரியும் கராஜும் ஆட்டோவில் பத்து நிமிடம்.

மறுநாள் காலை ஒரு ஸ்கூல் வேனுக்கு ஹெட் போட வேண்டியிருந்தது. தோட்டத்துப் பிள்ளைகளைப் பசறைக்கு ஏற்றிப்போகிற வேன். கேஸ்கட் பண்டாரவளையிலிருந்து வருவதற்கு ஒன்பது நாள் எடுத்தது. அந்த ஒன்பது நாளும் பிள்ளைகள் மழையில் பஸ்ஸுக்கு நின்றார்கள். வேனின் டிரைவர் விடியும் முன்பே வந்து குந்திவிட்டார். ஒன்பதரை மணிக்கு ரென்ச்சை எடுத்தேன்.

முதல் சுற்று முடிந்தது. பத்து நிமிடம் விட்டேன். இரண்டாவது சுற்றின் நடுவில் லாச்சிக்குள் என் போன் அடித்தது கேட்டது. நின்றுவிட்டது. யாரோ எடுத்திருக்கிறார்கள் என்று புரிந்தது. அதற்குமேல் நான் யோசிக்கவில்லை, பன்னிரண்டாம் போல்ட்டில் இருந்தேன்.

கராஜ் முதலாளி முஸ்லிம், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். நான் அவரை அண்ணன் முறைக்கு நானா என்பேன், அவர் என்னைத் தம்பி என்பார். இரண்டாவது சுற்று முடிந்து நான் காத்திருந்தபோது, அவரே ஒரு பிளேன்டீயைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தார். அவர் யாருக்கும் தேத்தண்ணீர் தூக்குகிற ஆள் இல்லை. பக்கத்தில் வைத்துவிட்டு நின்றார். வாயைத் திறந்தார், மூடினார். எனக்கு எரிச்சல் வந்தது.

"எண்ணிக்கிட்டு இருக்கேன் நானா" என்றேன்.

எண்ணுவதற்கு அப்போது ஒன்றும் இல்லை. சும்மாதான் உட்கார்ந்திருந்தேன். அவர் போய்விட்டார். டிரைவர் சிகரெட்டைக் கீழே போட்டு மிதித்துவிட்டு என்னைப் பார்க்காமல் ரோட்டைப் பார்த்தார். போன் மறுபடியும் அடித்தது, மறுபடியும் யாரோ எடுத்தார்கள். எல்லோரும் வழக்கத்தைவிட அமைதியாக இருந்தார்கள். எனக்குத் தருகிற மரியாதை என்று எடுத்துக்கொண்டேன்.

மூன்றாவது சுற்றை முடித்து, ஒவ்வொரு போல்ட் தலையிலும் வெள்ளைப் பெயிண்ட்டால் ஒரு புள்ளி வைத்தேன். பதினெட்டுப் புள்ளி. நானா என் முதுகுக்குப் பின்னால் நின்றார்.

"தம்பி."

"மெனிஃபோல்டயும் போட்டுர்றேன் நானா. பத்து நட்டுதான்."

மெனிஃபோல்ட் என்பது ஹெட்டின் பக்கவாட்டில் புகை போகிற இரும்புக் குழாய். அதையும் நடுவிலிருந்துதான் இறுக்க வேண்டும். வேகமாக இறுக்கினால் நட்டு ஏறுகிற கம்பி முறியும், முறிந்தால் அதைத் துளைத்து எடுக்க அரை நாள் போகும். அதனால் அவசரப்படாமல் செய்தேன். நாலு நட்டு இறுக்கியிருப்பேன். போன் மூன்றாவது தடவை அடித்தது. நானா போய் எடுத்துவிட்டு வந்து, என் கையிலிருந்து ஸ்பேனரைப் பிடுங்கினார். இருபத்திரண்டு வருடத்தில் அவர் அப்படிச் செய்ததில்லை.

"ஆஸ்பத்திரிக்குப் போங்க. அம்மாவுக்குச் சுகமில்லயாம், வருத்தம் கூடவாம்."

ஆட்டோ பிடித்துப் போனேன். வார்டு வாசலில் தங்கச்சி நின்றாள். "இப்பதான் அண்ணே" என்றாள். கட்டிலைச் சுற்றித் திரை போட்டிருந்தார்கள். உள்ளே போனேன். அம்மாவின் வாய் கொஞ்சம் திறந்திருந்தது. வார்டு நர்ஸ் மிஸ் என் கையைப் பார்த்துவிட்டுக் கழுவிவிட்டு வரும்படி சிங்களத்தில் சொன்னார். வெளியே குழாயில் கழுவினேன். கராஜில் மண்ணெண்ணெய் போட்டுத்தான் அந்தக் கறுப்பு போகும், ஆஸ்பத்திரி சவர்க்காரத்துக்குப் போகாது. நாலு தடவை கழுவினேன். கடைசியில் அம்மாவைத் தொடாமல் போர்வையை மட்டும் தொட்டுவிட்டு வந்தேன்.

அழவில்லை. அழுகையை அடக்கிக்கொண்டேன் என்று நினைக்க வேண்டாம், அடக்குவதற்கு உள்ளே ஒன்றும் இல்லை. வார்டு நடையில் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு, மெனிஃபோல்டில் எந்த நாலு நட்டை இறுக்கினேன், எந்த ஆறு பாக்கி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நானா இறுக்கினால் இடது பக்கத்துக் கம்பியை முறித்துவிடுவார் என்று தோன்றியது. வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் அந்த நேரத்தில் என்னிடம் இருந்தது அவ்வளவுதான்.

தோட்டத்துக்குக் கொண்டுபோனோம். மழை விடவில்லை. அம்மா வேலை செய்த டிவிஷனில் அன்று யாரும் வேலைக்கு இறங்கவில்லை. லயத்து முன்னால் தகரப் பந்தல் போட்டிருந்தார்கள், தப்பு மேளம் அடித்துக்கொண்டிருந்தார்கள். வருகிறவர்கள் என் கையைப் பிடித்தார்கள், நானும் பிடித்தேன். ஊரில் யார் செத்தாலும் போய் நிற்பேனே, அப்படித்தான் நின்றேன்.

எடுக்கிற நேரம் வந்தது. பெட்டியின் மூடியை வைத்து, பெட்டி கொண்டுவந்த மலர்ச்சாலை ஆள் ஸ்குரூ முடுக்க ஆரம்பித்தார். மொத்தம் ஆறு ஸ்குரூ. அவர் கால்மாட்டில் ஒரு மூலையை எடுத்துக் கடைசிவரை முடுக்கிவிட்டு, அதற்குப் பக்கத்தில் இருப்பதை முடுக்கப் போனார். தலைமாட்டில் மூடி தூக்கிக்கொண்டது. என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

"அப்படி இல்லங்க" என்றேன். "மொதல்ல எல்லாத்தயும் பாதி பாதி போடுங்க. பொறகு எதிர் எதிரா இறுக்கணும்."

அவர் என்னை ஏறிட்டுப் பார்த்தார். ஸ்குரூ டிரைவரை வாங்கினேன். முடுக்கியதைத் தளர்த்திவிட்டு, நடுவில் இருந்த இரண்டையும் முதலில் போட்டு, பிறகு மூலைக்கு மூலை எதிராகப் போய், இரண்டு சுற்றில் முடித்தேன். மூடி எல்லாப் பக்கமும் சரியாக அமர்ந்தது. விளிம்பில் விரலை ஓட்டிப் பார்த்தேன், எங்கேயும் இடைவெளி இல்லை. அப்போதுதான் சுற்றிலும் ஒப்பாரி நின்றுபோயிருந்தது தெரிந்தது. யாரும் என்னிடம் பேசவில்லை. தங்கச்சி என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து வேலைக்குத் திரும்பினேன். மெனிஃபோல்டை நானா ஒரு கம்பியும் முறியாமல் போட்டு வேனை அனுப்பியிருந்தார். அன்று பகல் என் போனைத் திறந்து பழைய அழைப்புகளைப் பார்த்தேன். அந்தக் காலையில் தங்கச்சியிடமிருந்து மூன்று. முதல் அழைப்புக்கும் கடைசி அழைப்புக்கும் நடுவில் கிட்டத்தட்ட முக்கால் மணித்தியாலம். மூன்றையும் எடுத்துப் பேசியிருக்கிறார்கள். முதல் அழைப்பிலேயே நான் ஓடியிருந்தால், அம்மாவோடு அரை மணித்தியாலமாவது இருந்திருப்பேன். இதை விரல் விட்டு எண்ணத் தேவையில்லை.

போனை எடுத்துக்கொண்டுபோய் நானாவின் மேசையில் வைத்தேன். "மொத போன்லயே சொல்லியிருக்கலாமே" என்றேன்.

அவர் திரையைப் பார்த்தார். "சொல்லியிருக்கணும் தம்பி. என்ட பிழைதான்" என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். ஏதாவது சமாதானம் சொல்வார், சண்டை பிடிக்கலாம் என்றுதான் போயிருந்தேன். அவர் அதற்கும் இடம் கொடுக்கவில்லை. அன்றிலிருந்து அவரை நானா என்று கூப்பிடுவதை நிறுத்தினேன். "முதலாளி" என்றேன். முதல்தடவை அப்படிச் சொன்னபோது அவர் கையில் இருந்த பேனை நின்றது. பிறகு எழுதிக்கொண்டே இருந்தார். நான் அவர் அனுப்புகிற தேத்தண்ணீரைத் தொடவில்லை, காலையில் முகம் கொடுத்துப் பேசவில்லை. கராஜில் யாரும் ஏன் என்று கேட்கவில்லை. எனக்குக் கோபம் இருந்தது. அது ஒன்றாவது இருந்தது நல்லதாகப் போயிற்று, மற்றபடி உள்ளே மரத்துப்போய்க் கிடந்தது. சாப்பிட்டேன், தூங்கினேன், இரண்டு லொறிக்கும் ஒரு காருக்கும் ஹெட் போட்டேன்.

ஹெட் போட்ட வண்டியைக் கொஞ்சம் ஓடவிட்டு, திரும்ப வரவழைத்து, குளிர்ந்த இஞ்சினில் போல்ட்டுகளை இன்னொரு தடவை பார்ப்பது எங்கள் வழக்கம். கேஸ்கட் சூட்டில் அமரும்போது சில போல்ட் தளரும். அந்த ஸ்கூல் வேனை டிரைவர் ஒரு மாலை கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனார். மறுநாள் காலையில் தொடங்கினேன். அன்றைக்கே தங்கச்சியும் பஸ்ஸில் பதுளைக்கு வந்திருந்தாள், அம்மாவின் மரணச் சான்றிதழை எடுப்பதற்கு. எடுத்துக்கொண்டு, எனக்கு ஒரு பிரதி கொடுக்கலாம் என்று கராஜுக்கு வந்தாள். நான் ரென்ச்சோடு குனிந்திருப்பதைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டாள். உள்ளே வா என்று நானும் சொல்லவில்லை.

போல்ட்டுகளில் ரென்ச்சை வைத்ததும் டக்கென்று சத்தம் வந்தது. ஒன்று, இரண்டு, ஏழு, பதினொன்று, எல்லாம் அப்படியே. பதினெட்டில் ஒன்றுகூட நூலளவும் அசையவில்லை. நான் செய்த ஹெட்டுகளிலேயே அதுதான் சுத்தமான வேலை. இன்றைக்கும் அந்த வேன் ஓடிக்கொண்டிருக்கிறது.

ரென்ச்சைக் கீழே வைத்த பிறகுதான் தங்கச்சி உள்ளே வந்தாள். நானா தேத்தண்ணீர் ஒன்றைக் கொண்டுவந்து அவளிடம் நீட்டினார். எனக்கும் ஒன்று இருந்தது.

"எனக்கு வேணாம் முதலாளி" என்றேன்.

தங்கச்சி என்னையும் அவரையும் பார்த்தாள். அவர் கோப்பையை ஓரமாக வைத்துவிட்டுத் தள்ளி நின்றார்.

"ஏண்ணே, நானாவ முதலாளிங்கிறீங்க?"

"வேற என்னான்னு கூப்பிட? மொத போன் வந்தப்பவே இவரு ஒரு வார்த்த சொல்லியிருந்தா, அம்மா மொகத்த உசுரோட பாத்திருப்பேன்."

"தங்கச்சி, விடுங்க" என்றார் நானா. "அந்தக் கத வேணா. தேத்தண்ணியக் குடிங்க."

அவள் குடிக்கவில்லை. கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"நீங்க அவருகிட்ட ஒன்னும் சொல்லலையா நானா?" என்று கேட்டாள். "இவ்வளவு நாளா?"

நானா மேசைப் பக்கம் போய், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு லாச்சியில் எதையோ தேடினார். அவருக்குக் காது கொஞ்சம் மந்தம், எந்தப் போனையும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார். அன்றைக்கும் அப்படித்தான் பேசியிருப்பார். டிரைவரும் கேட்டிருப்பார், மற்றவர்களும் கேட்டிருப்பார்கள். அது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"என்ன சொல்லல?" என்றேன்.

"அவரு ஒங்ககிட்ட போன குடுக்கத்தான் வந்தாரு அண்ணே. மொத தடவ நான் அம்மாவுக்கு முடியலன்னதும், இந்தா குடுக்குறேன்னு சொல்லிட்டு நடந்தாரு. நடக்கிற சத்தம்கூட எனக்குக் கேட்டிச்சு. ரெண்டாவது தடவயும் கேட்டாரு, இப்ப குடுக்கவான்னு. நான்தான் வேணாம்னேன். அம்மா சொன்னத மீற வேணாம்னு."

"அம்மா என்ன சொன்னிச்சு?"

அவள் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"நானா போன எடுத்துக்கிட்டு ஒங்ககிட்ட வர்றாருன்னு தெரிஞ்சதும், அம்மா மூக்குல வச்சிருந்த மாஸ்க்க கையால எறக்கிட்டு, என் கையப் புடிச்சிச்சு. ஹெட் இறுக்குறானாம்ல, இருக்கட்டும், வேண்டான்னு சொல்லு, இப்ப கூப்புட்டா கத்துவான், எனக்கு அதக் கேக்க தெம்பு இல்லடின்னிச்சு."

சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். பார்த்தபடியே ஓரடி பின்னால் நகர்ந்தாள்.